கடமை என்று சொல்லிப் படையில் சேரும் இளைஞரை எப்படி மதிப்பது?

கேள்வி
எழுதியவர்: கரும்பலகை

வணக்கம். நான் 26 ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு கற்பித்து வருகிறேன். சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வயது 19. படையில் சேரத் தேர்வாகிவிட்டான். இன்னும் ஒன்பது நாளில் பயிற்சி முகாமுக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தான். வேறு வழியில்லாமல் போகிற பிள்ளை என்று அவனைச் சொல்ல முடியாது. கல்லூரியில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். அவன் குடும்பத்தில் இதுவரை யாரும் சீருடை அணிந்ததில்லை. வகுப்பில் அவன் சண்டைக்காரனும் அல்லன். சொல்லப்போனால் பிறர் சண்டையை விலக்கிவிடப் போய்த் தான் அடி வாங்கிக்கொண்டு வருகிறவன்.

"எதற்கப்பா இது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும், சார். நான் போகலைன்னா என் இடத்துல இன்னொருத்தன் நிப்பான். அது தெரிஞ்சுக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல" என்றான்.

அவன் கையில் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. ஓட்டப் பயிற்சியில் தனக்கு ஆன நேரத்தை நாள்வாரியாக அதில் எழுதி வைத்திருந்தான். கடைசிப் பக்கத்தில், சொல்லிக்கொள்ள வேண்டியவர்களின் பெயர்கள். என் பெயர் ஐந்தாவது. கிளம்பும்போது பென்சிலை எடுத்து என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, "போனதும் முகவரி அனுப்பறேன் சார், நீங்க ஒரு கடிதம் எழுதணும்" என்று கேட்டுக்கொண்டு போனான்.

முகவரி வந்துவிட்டது. கடிதத்தில்தான் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவன்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகியிருக்கிறது; ஆனால் நான் மதிப்பது எதை என்று எனக்கே தெளிவாகவில்லை. அவன் சாகத் துணிந்ததையா? அப்படியானால் அது கொடூரமான மதிப்பு. சட்டம் அழைப்பதால் போகிறவர்களும் உலகில் உண்டு. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம், தென்கொரியாவிலும் ஆண்களுக்குப் படைப்பணி கட்டாயம். அங்கேயும் கடமை என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். அழைக்காமலே போகிறவனுடைய கடமையும் அதுவும் ஒன்றுதானா? இதற்கு மேல், வரலாறு கற்பிக்கிறவன் என்பதால் வரும் சங்கடம் ஒன்று. இளைஞர்களைப் புகழ்ந்து புகழ்ந்தே போர்முனைக்கு அனுப்பிய பெரியவர்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன்; என்னை அறியாமல் அந்தப் பெரியவர்களின் வரிசையில் நானும் போய் நின்றுவிடுவேனோ என்று தோன்றுகிறது. படையில் இருந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பிய வீட்டார், இதை ஏற்காதவர்கள் என யாராக இருந்தாலும் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மறுமொழி 1
எழுதியவர்: இரண்டாம் காவல்

ஐயா, நான் 17 ஆண்டுகள் காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மாணவன் சொன்னதை இரண்டு முறை படித்தேன். "என் இடத்தில் இன்னொருவன் நிற்பான்" என்பது எங்களில் பெரும்பாலோருக்குப் படைக்குள் போய்ச் சில காலம் ஆன பிறகுதான் உறைத்தது. அவன் அதைத் தெரிந்துகொண்டே போகிறான்.

கடமை என்ற சொல்லை நான் மேடைகளில் கேட்டதுண்டு. பாசறைக்குள் ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. அங்கே அது வேறு உருவத்தில் இருக்கும். இரவுக் காவலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து நிற்போம். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை உள்ள முறைதான் எல்லாருக்கும் வெறுப்பானது. தூக்கத்தின் நடுவில் எழுந்து போய் நிற்க வேண்டும், திரும்பி வந்து படுத்தால் தூக்கம் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். என் முதல் பனிக்காலத்தில் அந்த முறை எனக்கு வாய்த்தது. எனக்கு அடுத்து நிற்க வேண்டியவன் என்னைவிட இளையவன், அதிகம் பேசாதவன். நான்கு மணிக்கு வந்தால் போதும் என்றிருக்க, ஒவ்வோர் இரவும் மூன்றே முக்காலுக்கே வந்து பக்கத்தில் நின்று, "போய்ப் படுங்கண்ணே" என்பான். எந்த விதியிலும் அது கிடையாது. காவல் தலைவரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். அந்தப் பதினைந்து நிமிடத்தின் மதிப்பு, காலில் விரல்கள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் தெரியும். உங்கள் மாணவன் 'இன்னொருத்தன்' என்றதும் எனக்கு அந்தப் பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சாகத் துணிவதைப் பயிற்சியில் யாரும் கற்றுத் தருவதில்லை. சாகாமல் இருப்பதற்கும், பக்கத்தில் இருப்பவனைச் சாகவிடாமல் இருப்பதற்கும்தான் அத்தனை மாதப் பயிற்சியும். ஆகவே நீங்கள் மதிப்பது அவனுடைய சாவுத் துணிவையோ என்று அஞ்ச வேண்டாம். அவனே அதை முன்வைத்துப் போகவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். எட்வர்ட் ஷில்ஸ், மாரிஸ் ஜனோவிட்ஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1948இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தோல்வி உறுதியான பின்னும் ஜெர்மானியப் படை ஏன் அவ்வளவு நாள் கலையாமல் நின்றது என்பது அவர்களுடைய கேள்வி. அரசியல் கொள்கைப் பற்றைவிட, தன்னோடு உண்டு உறங்கிய சிறு குழுவின்மேல் சிப்பாய்க்கு இருந்த பிடிப்பே பெரிய காரணம் என்பது அவர்களுடைய முடிவு. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் படை எதற்காகப் போரிட்டது என்பது உலகுக்கே தெரியும். தோழனை விட்டுக்கொடுக்காமல் நிற்பது உயர்ந்த குணம்தான். அதனால் மட்டும் நிற்கிற இடம் சரியானதாகிவிடாது.

கடிதத்தில் பெரிய சொற்கள் வேண்டாம், ஐயா. முதல் சில வாரங்களில் அவன் எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருப்பான். பள்ளியில் நடந்த வேடிக்கையை எழுதுங்கள். கடிதம் வந்தவன் அதை மூன்று முறை படிப்பான். வராதவனுக்கும் ஒரு முறை படித்துக் காட்டுவான்.

மறுமொழி 2
எழுதியவர்: நேர்வழி

இதில் இவ்வளவு குழம்ப என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நாட்டுக்காகத் தன்னையே கொடுக்க முன்வந்தவன் தெய்வத்துக்குச் சமம். கை கூப்ப வேண்டியதுதான் நம் வேலை. கைப்பேசியே கதியென்று கிடக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இவனைக் காட்டி, "இவனல்லவா ஆண்பிள்ளை" என்று உறைக்கும்படி சொல்ல வேண்டும். அப்போதாவது நாலு பேர் திருந்துவார்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: ஏட்டடுக்கு

நேர்வழி நண்பர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அவருடைய கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. கேள்வி கேட்ட ஆசிரியர் அஞ்சுவதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் சார்லஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஓய்வு பெற்ற கடற்படைத் தளபதி 30 பெண்களைத் திரட்டினார். தெருவில் சீருடை இல்லாமல் நடமாடும் இளைஞர்களிடம் ஆளுக்கொரு வெள்ளைச் சிறகைக் கொடுப்பதே அவர்களுக்கு இடப்பட்ட வேலை. வெள்ளைச் சிறகு கோழைத்தனத்தின் அடையாளம். பழக்கம் நாடெங்கும் பரவியது. விடுப்பில் வீட்டுக்கு வந்து சாதாரண உடையில் நடந்த சிப்பாய்களின் கையிலும், காயம்பட்டுத் திரும்பியவர்களின் கையிலும், இன்னும் வயதே நிரம்பாத சிறுவர்களின் கையிலும் அந்தச் சிறகு திணிக்கப்பட்டது. அப்போது படையில் சேர 18 வயதும், கடல் கடந்து போரிட 19 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த சிறுவர்கள் ஏராளம். ஆட்சேர்ப்பு மேசையில் இருந்தவர்கள் அதைத் துருவிக் கேட்கவில்லை. போகிறவனைப் புகழ்வதும் போகாதவனை இகழ்வதும் ஒரே நாணயமாகத்தான் அன்று புழங்கின.

அதே காலத்தில் 'தோழர் படையணிகள்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரே ஊரார், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள் சேர்ந்து பெயர் கொடுத்தால், பிரிக்காமல் ஒரே அணியாகவே வைத்துக்கொள்வோம் என்று வாக்குறுதி. பக்கத்து வீட்டுப் பையன் போகும்போது நான் மட்டும் எப்படி நிற்பது என்ற உணர்வே போதுமானதாக இருந்தது. ஆக்ரிங்டன் நகரமும் சுற்று வட்டாரமும் இப்படி ஓர் அணியை அனுப்பின. 1916 ஜூலை 1ஆம் தேதி, சோம் சண்டையின் முதல் நாள் காலையில், செர் என்ற சிற்றூரை நோக்கி அந்த அணியிலிருந்து சுமார் 700 பேர் பதுங்குகுழியை விட்டு ஏறினார்கள். அரை மணி நேரத்துக்குள் 580க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். ஒரே நகரம், ஒரே தபால்காரர்கள், ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். அந்த வாரத் தபாலை எண்ணிப் பாருங்கள்.

போகிறவனின் குணத்தில் இங்கே எந்தக் குறையும் இல்லை. நண்பனுக்காகப் பெயர் கொடுத்த அந்தத் தொழிலாளிகளின் கடமையுணர்வு உங்கள் மாணவனுடையதைவிடக் குறைந்தது என்று யார் சொல்ல முடியும்? சுற்றியிருந்தவர்கள் அந்த உணர்வை எடுத்துக் கையாண்ட விதத்தில்தான் குற்றம்.

அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. அமெரிக்கக் கால்பந்து வீரர் பாட் டில்மன் 2002இல், பல லட்சம் டாலர் ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, தம்பியோடு போய்ப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். தம் முடிவைப் பற்றிப் பேட்டி கொடுக்க மறுத்துவிட்டார். அது விளம்பரமாவதை அவர் விரும்பவில்லை. 2004 ஏப்ரல் 22ஆம் தேதி ஆப்கானிஸ்தானில் தம் தரப்பினரே தவறுதலாகச் சுட்டதில் இறந்தார். எதிரியோடு போரிட்டு இறந்ததாகவே முதலில் அறிவித்தார்கள், விருது கொடுத்தார்கள், நாடெங்கும் ஒளிபரப்பான நினைவுக் கூட்டத்தில் புகழ்ந்தார்கள். உண்மை குடும்பத்தாருக்குச் சொல்லப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விளம்பரம் வேண்டாம் என்றவரை, மறுத்துப் பேச முடியாத நிலைக்கு வந்த பிறகு விளம்பரமாக்கினார்கள்.

ஆகவே, ஆசிரியரே, அவனை மதியுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பில் அவனை எடுத்துக்காட்டாகக் காட்டாதீர்கள். 18 வயது நிரம்பாதவரை நேரடிப் போரில் ஈடுபடுத்தக் கூடாது, கட்டாயமாகச் சேர்க்கவும் கூடாது என்று ஐக்கிய நாடுகள் அவை 2000இல் ஏற்றுக்கொண்ட நெறிமுறை 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனத்தில் பெருமைப் பேச்சு எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்பது, வகுப்பறையில் நிற்கிற உங்களுக்கு எந்த நெறிமுறையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுமொழி 4
எழுதியவர்: வாசற்படி

எல்லாரும் கடமைக்காகப் போகிறவர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் தம்பி சம்பளத்துக்காகப் போனான். அப்பா இறந்த பிறகு வீட்டில் வருமானம் இல்லை; எனக்குத் திருமணம் ஆகவில்லை; கடன் இருந்தது. அவனுக்கு அப்போது இருபது. நாடு, மண் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. கடமைக்காகச் சேர்ந்தவன் உயர்ந்தவன், பிழைப்புக்காகச் சேர்ந்தவன் ஒரு படி கீழே என்று இந்த உரையாடல் போய்விடுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது; அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு வெள்ளப் பகுதிக்கு மீட்புப் பணிக்காக அவர்களை அனுப்பினார்கள். பத்து நாள் அவனிடமிருந்து பேச்சே இல்லை. பிறகு வந்தான். கால் விரல்களின் இடுக்கெல்லாம் தோல் வெளுத்து உரிந்து, காலணி போட முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு வயதான அம்மாள் கூரையைவிட்டு இறங்க மறுத்ததையும், அவருடைய ஆட்டையும் சேர்த்துத் தூக்கி வந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னான். "விட்டுட்டு வந்திருக்கலாமேடா, ஆட்டை" என்றேன். "அதெப்படிக்கா, அவங்க நம்மள நம்பித்தானே இறங்குனாங்க" என்றான். சம்பளத்துக்குப் போனவன்தான் அதைச் சொன்னான். போகும்போது மனத்தில் இருந்த காரணம் ஒன்றாகவும், அங்கே போய் நின்ற பிறகு உண்டாகும் பொறுப்பு வேறாகவும் இருக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெளியார் காட்டும் மரியாதையைப் பற்றி எனக்குச் சலிப்பு உண்டு. நல்ல மனிதர்கள்தான், மனதாரத்தான் வாழ்த்துகிறார்கள். ஆனால் அந்த வாழ்த்து வாசலோடு நின்றுவிடுகிறது. அவன் விடுப்பில் வந்திருக்கும்போது இரவில் திடீரென்று எழுந்து உட்காருவதையோ, கூட்டமான இடத்தில் சுவரை ஒட்டியே நிற்பதையோ அவர்கள் பார்ப்பதில்லை. போரின் கொடுமையைக் கண்டவருக்கு உண்டாகும் மனப்பாதிப்பு 1915இலேயே மருத்துவ இதழில் பெயர் பெற்றுவிட்டது. அதை முறையான நோய்வகையாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு சேர்த்துக்கொண்டது 1980இல்தான் என்று என் தம்பியைப் பார்த்த மருத்துவர் சொன்னார். இடையில் இருந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் திரும்பி வந்தவர்களையும் யாரோ கைதட்டித்தானே வரவேற்றிருப்பார்கள்?

ஐயா, உங்கள் மாணவனுக்கு அம்மா இருந்தால், கடிதம் எழுதுவதோடு ஒரு முறை அவரையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பையனின் பெருமையைப் பேச வேண்டாம். என்ன வேலை பாக்கி இருக்கிறது என்று கேளுங்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: இரண்டாம் காவல்

வாசற்படி அம்மா எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். சார்லஸ் மாஸ்கோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், அங்கே கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் முடிவுக்கு வந்த சில ஆண்டுகளில், படைப்பணி ஓர் அழைப்பாக இருந்த நிலையிலிருந்து இன்னொரு தொழிலாக மாறி வருகிறது என்று எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. எங்கள் அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். அழைப்புக்கு வந்தவன் யார், தொழிலுக்கு வந்தவன் யார் என்று பிரிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. ஒரே ஆளுக்குள் இரண்டும் மாதத்தின் முதல் வாரத்தில் ஒன்றாகவும் கடைசி வாரத்தில் வேறாகவும் இருக்கும். எனக்கு நான்கு மணிக் காவலை மாற்றிவிட்ட பையனும் வீட்டுக் கடனுக்காக வந்தவன்தான்.

மறுமொழி 6
எழுதியவர்: தராசு

இதுவரை பேசியவற்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது. கடமை என்பதைக் கீழ்ப்படிதல் என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். இளம் வயதில் படைக்குப் போகிறவனுக்கும் முதலில் அப்படித்தான் புரியும்.

வியட்நாமில் 1968 மார்ச் 16ஆம் தேதி மை லாய் என்ற ஊரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஆயுதமில்லாத கிராமத்தாரை, பெண்கள், குழந்தைகள் உட்பட, நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அதற்கு மேலே ஒரு சிறிய ஹெலிகாப்டர் பறந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் ஹியூ தாம்ப்சன், வயது 24. முன்பே கடற்படையில் பணியை முடித்துவிட்டு வீடு திரும்பியிருந்தவர். போர் நடக்கும்போது ஒதுங்கியிருக்க மனமில்லாமல் 1966இல் தாமாகவே மறுபடி சேர்ந்தவர். உடன் இருந்த கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு வயது 20, லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18. ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருந்தவர்களை நோக்கிச் சிப்பாய்கள் நெருங்குவதைக் கண்டதும், தாம்ப்சன் இரு தரப்புக்கும் நடுவில் ஹெலிகாப்டரை இறக்கினார். அந்த மக்களை இவர்கள் சுடத் தொடங்கினால் நீங்கள் இவர்களைச் சுடுங்கள் என்று தம் இரு தோழர்களிடமும் சொல்லிவிட்டு, துப்பாக்கியை உருவாமல் இறங்கி நடந்து போனார். ஒளிந்திருந்தவர்கள் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். பிறகு, பிணங்கள் நிறைந்த ஒரு வாய்க்காலில் அசைவு தெரியவே, ஆண்ட்ரியோட்டா உள்ளே இறங்கி உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார். தாம்ப்சன் திரும்பிப் போய் மேலதிகாரிகளிடம் கண்டதைச் சொன்னார். அதன் பிறகே அங்கே சுடுவதை நிறுத்த உத்தரவு போனது.

அந்தப் பதினெட்டு வயதுப் பையனின் நிலையை எண்ணிப் பாருங்கள். தன் சீருடையை அணிந்தவர்களை நோக்கியே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரியோட்டா மூன்று வாரம் கழித்துச் சண்டையில் இறந்தார். தாம்ப்சனுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தவை வசவும் கொலை மிரட்டலும். அவரைத்தான் தண்டிக்க வேண்டும் என்று பேசிய அரசியல்வாதிகள் இருந்தார்கள். மூவரின் செயலும் பதக்கத்துக்கு உரியது என்று அவர்களுடைய படை ஒப்புக்கொண்டது 1998இல். சரியாக 30 ஆண்டுகள் கழித்து.

மேலதிகாரியின் கட்டளை என்பது, மனசாட்சிப்படி மறுக்க வழி இருந்த ஒருவனைப் பொறுப்பிலிருந்து விடுவிக்காது என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்து வழங்கிய நூரம்பர்க் தீர்ப்பையொட்டி 1950இல் வகுத்த கொள்கை சொல்கிறது. ஜெர்மனியின் சிப்பாய்ச் சட்டம் இன்னும் வெளிப்படை: மனித மாண்பை மீறும் கட்டளையை நிறைவேற்றாவிட்டால் அது கீழ்ப்படியாமை ஆகாது, குற்றமாகும் கட்டளையை நிறைவேற்றவே கூடாது. 1956இல், தங்கள் முந்தைய தலைமுறை செய்ததைக் கண்டபின் எழுதிய சட்டம் அது. இன்னொருவனுக்காக நிற்கிறேன் என்று போகும் உங்கள் மாணவனுக்கு, அந்த 'இன்னொருவன்' துப்பாக்கியின் மறுமுனையிலும் இருக்கலாம் என்பதை யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருக்க வேண்டும். சண்டையை விலக்கிவிடப் போய் அடி வாங்கினவன் என்கிறீர்கள். அவனுக்கு இது பிடிபடும்.

மறுமொழி 7
எழுதியவர்: பழஞ்சுவடி

சுருக்கமாக ஒன்று. கடமையைக் குறிக்க நம் மொழியில் கடன் என்ற சொல்லும் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டியதற்கும் அதே சொல்தான். புறநானூற்றின் 312ஆம் பாடலைப் பலரும் மேடையில் முழங்கக் கேட்டிருப்பீர்கள். முழங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு அடிகளுக்கே அழுத்தம் கொடுப்பதால், அது இளைஞனைப் போருக்கு ஏவும் பாட்டாகவே நம் காதில் விழுகிறது. நிதானமாகப் படித்தால், இளைஞனின் கடன் அதில் ஐந்தாவதாகத்தான் வருகிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடன். சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். நான்காவது வேந்தனின் கடன். அந்த நான்காம் அடியில் நல்ல ஒழுக்கத்தைத் தருவது என்ற பொருளில் 'நன்னடை' என்றும், வாழ நிலம் தருவது என்ற பொருளில் 'தண்ணடை' என்றும் இரண்டு பாடங்கள் உண்டு. எதைக் கொண்டாலும் சரி, நால்வரும் தத்தம் கணக்கை முடித்த பிறகே பாட்டு இளைஞனிடம் வருகிறது.

அவனிடமும் அது சாவைக் கேட்கவில்லை. களிற்றை எறிந்து 'பெயர்தல்' காளையின் கடன் என்கிறது. பெயர்தல் என்றால் மீண்டு வருதல். ஆக, அவன் திரும்பி வருவதும் கடனில் சேர்த்திதான். அதற்கு வேண்டியதைச் செய்ய மற்ற நால்வரும் கடன்பட்டவர்கள். பட்டியலில் ஆசிரியரின் பெயர் இல்லையே என்று கரும்பலகை ஐயா தப்பித்துக்கொள்ள முடியாது. சான்றோன் ஆக்கும் வேலையில் பாதியை அந்தத் தந்தை உங்களிடம்தானே விட்டிருந்தார்?

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கரும்பலகை

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஏட்டடுக்கு அவர்கள் சொன்னபடி, அவனை வகுப்பில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தராசு அவர்கள் எழுதியதை அப்படியே கடிதத்தில் சேர்க்க முதலில் தயங்கினேன். பயிற்சியின் தொடக்கத்தில் இருக்கும் பையனுக்கு இது இப்போது தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, அவன் ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பையன்களுக்கு நடுவில் போய் நின்று உதடு கிழிந்து வந்த நாளை நினைவூட்டி, தாம்ப்சன் கதையை அதன் கீழே பத்து வரியில் எழுதினேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மாவிடம் வாசற்படி அம்மா சொன்னபடியே கேட்டேன். கொஞ்சம் விழித்துவிட்டு, அவன் கல்லூரியில் கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெற ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருக்கிறது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் வைத்திருக்கிறேன் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பையனைப் பற்றி நாங்கள் பேசியது மிகவும் குறைவு. கையெழுத்துப் போடும்போது மட்டும், காலையில் எழுந்ததும் இன்னமும் ஓட்டத்துக்கு அவனை எழுப்பப் போய்விடுகிறேன் என்றார்.

கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. வேடிக்கைகள்தான் முக்கால் பங்கு. அறையில் கடிதம் வராத பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டு என்று மேலேயே எழுதிவிட்டேன். கடைசியில், என் பெயருக்கு நேரே போட்ட கோட்டைத் திரும்பி வந்ததும் அவன் கையாலேயே அழிக்க வேண்டும், பென்சிலில் போட்டது நல்லதாகப் போயிற்று என்று முடித்திருக்கிறேன். நேற்று மாலை தபாலில் சேர்த்தாயிற்று. பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.